குடியெழுப்பல்

வட்டுக்கோட்டை
09.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் குஞ்சையாவும் சுகம். நீங்களும் கோபிகா மச்சாளும் பிள்ளைகளும் அந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டு நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் ஐந்தாவது வார்த்தையிலேயே எங்கள் இருவருக்கும் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே கத்த முடியாது.

கோயில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோபுரம் மூன்றாம் தட்டு வரை எழும்பிவிட்டது. உங்கள் கனடா ஒன்றியத்தின் பெயரை வாசல் வளைவில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பிள்ளையாருக்குக் கருங்கல் கருவறை. எல்லாம் வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்ததை ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் குலதெய்வம் அண்ணமார் நின்ற பூவரசைப் பிடுங்க ஜேசிபி வந்தது. சுற்றுமதில் அந்த இடத்தால்தான் போகவேண்டுமாம். குஞ்சையா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "நானும் என்ரை அப்புவும் பொங்கின இடம். என்னைக் கொன்றுபோட்டுப் பிடுங்குங்கோ" என்றார். பரிபாலன சபைச் செயலாளர் நிருஷன் இரண்டு பேரோடு வந்தான். நீங்கள் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தீர்களே, அதே நிருஷன்தான். குஞ்சையாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். பிறகு காலில் பிடித்து இழுத்தார்கள். அப்பாவின் தம்பி, அப்பா போர்க்காலச் செல்லடியில் போன பிறகு எங்களை வளர்த்தவர், எழுபது வயது மனிதர், அண்ணை. முதுகுத்தோல் கல்லில் உரிந்து இடுப்புச் சாரமெல்லாம் இரத்தம். மரம் சாய்ந்தபோது அண்ணமாரின் கல்லும் பொல்லும் வேரோடு கிளம்பி வந்தன. ஜேசிபிக்காரன் அவற்றையும் சேர்த்து அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டினான். சுற்றி நின்ற சனம் அரோகரா சொன்னது.

நான் ஒரு படம் கீறிக்கொண்டிருக்கிறேன். பெரிய படம். நகரத்தில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள். முடிந்ததும் உங்களுக்கும் அனுப்புகிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
நிவேதனா


ரொறன்ரோ
17.02.2024

அன்புத் தங்கச்சி நிவேதனாவுக்கு,

கடவுள் கிருபையால் இங்கு எல்லோரும் நலம். சின்னவனுக்குத் தடிமனும் இருமலும் வந்து மாறிவிட்டது. குஞ்சையாவின் முதுகுக்கு மருந்து போட்டாயா? வைத்தியரிடம் காட்டு. பிடிவாதம் பிடிப்பார், விடாதே.

மரத்தைப் பற்றி நிருஷன் சொன்னான். "தூக்கி ஒரு பக்கத்திலை விட்டனாங்கள்" என்றுதான் சொன்னான். இழுத்ததைச் சொல்லவில்லை. கண்டித்திருக்கிறேன். ஆனால் ஒன்றை யோசி. நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அந்த மரத்தடியில் வேள்வி எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. முப்பது நாற்பது ஆட்டுக்கடா. தலை விழுந்த பிறகும் கால்கள் ஓடப் பார்க்கும். ஒன்பது வயதில் நான் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றவன். இரத்தம் கண்ணுக்குள் அடித்து, கண்ணைத் திறக்க முடியாமல் அப்படியே பிடித்திருப்பேன். குஞ்சையா உருவந்து ஆடும்போது பிரம்பு யார் மேல் விழுகிறது என்று அவருக்கே தெரியாது. என் தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்பா சாகும்வரை பெரிய கோயிலுக்கு வெளியே, வீதியில் நின்றுதான் கும்பிட்டார். சாதி சொல்லி உள்ளே விடவில்லை. இப்போது எங்கள் குறிச்சியில் கோபுரம் எழும்புகிறது. அந்த ஆட்களும் ஒரு நாளைக்கு மேற்சட்டையைக் கழற்றிவிட்டு எங்கள் வாசலுக்கு வரத்தான் போகிறார்கள். இரண்டு வேலை செய்து நான் உழைத்ததெல்லாம் அதற்குத்தான். ஒரு பூவரசுக்காக அதை விடச் சொல்கிறாயா?

படத்தை அனுப்பு, பார்ப்போம். என் தங்கை பெரிய ஓவியர் என்று இங்கு எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணை,
கீர்த்திகன்


வட்டுக்கோட்டை
23.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குஞ்சையாவின் முதுகு ஆறிவிட்டது. சின்னவனுக்குத் திரும்பவும் தடிமன் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயர் 'குடியெழுப்பல்'. நீங்கள் இந்நேரம் வட்சப்பில் பார்த்திருப்பீர்கள். தொலைபேசியில் பார்த்தால் பாதிதான் தெரியும், அதனால் நானே சொல்கிறேன். நடுவில் பளபளக்கும் கோபுரம். அதன் முன்னால் சந்தனப் பொட்டும் மாலையும் போட்ட ஜேசிபி, சுவாமி வாகனமாக நிற்கிறது. எங்கள் பழைய தெய்வங்கள் எல்லாம் குடியெழுப்பப்பட்டு, வீதியால் இடம்பெயர்ந்து போகின்றன, தொண்ணூற்றைந்துச் சண்டையில் சனம் போன மாதிரி. வைரவர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிறார். நாச்சிமார் ஏழு பேரின் தலையிலும் பானை, சட்டி, உரப்பை. காத்தவராயர் கழுமரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார். அண்ணமார் மட்டும் போகமாட்டேன் என்று பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறார், கையில் வரிசை இலக்கத் துண்டு. அவருக்குக் குஞ்சையாவின் முகம். கோபுர வாசலில் பிரதம விருந்தினராக ஒரு கடா. தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, வாயெல்லாம் சிரிப்போடு நாடா வெட்டுகிறது. பக்கத்தில் நிற்கும் உபயகாரர் கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுக்கிறார்.

முதல் நாள் குஞ்சையாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கோபிப்பாரோ என்று பயந்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்கலாம். தெய்வமெல்லோ" என்றார். பிறகு கடாவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு கூட்டம் வந்தது. எங்கள் குறிச்சிப் பெடியள் சிலரும் அதில் நின்றார்கள். "ஆர் உதைக் கீறினது?" என்று ஒருவன் கேட்டான். நான்தான் என்றேன். காறி என் முகத்தில் துப்பினான். கண்காட்சிக் காவலாளி இடையில் வந்தார். அவருக்குக் கன்னத்தில் அடித்தார்கள், அவர் போட்டிருந்த கண்ணாடி உடைந்து கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. மண்டபக்காரர்கள் பயந்துபோய்ப் படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். லான்ட்மாஸ்ரர் உழவுமெசினில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இப்போது அது முன்னறையில் நிற்கிறது.

நீங்கள் பார்த்துவிட்டு என்ன நினைத்தீர்கள் என்று எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

உங்கள் தங்கை,
நிவேதனா


ரொறன்ரோ
02.04.2024

நிவேதனாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உபயகாரனின் முகம் என் முகம். மச்சாள் பார்த்த உடனேயே சொல்லிவிட்டா. பிள்ளைகளும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்றியக் கூட்டத்தில் ஒருவன் அதைத் திரையில் போட்டுக் காட்டினான், இருநூறு சனம் சிரித்தது.

நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வேள்விக்கு மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சட்டைக் கொலரில் இரத்தம் காய்ந்திருந்தது எனக்குத் தெரியாது. பின் வரிசை வாங்கில் இருந்த ஒருவன் ஆடு மாதிரிக் கத்தினான். பிறகு முழு வகுப்பும் கத்தியது. வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தை விட்டு வெளிக்கிடும்வரை எனக்குப் பெயர் 'மே'.

முப்பது வருடத்துக்குப் பிறகு நீ அந்தக் கடாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்க வைத்திருக்கிறாய். உனக்கு அது பகிடி. எனக்கு மானம்.

அந்தப் படத்தை எரித்துவிடு. இது நான் உன்னிடம் கேட்கிற கடைசித் தடவை.

கீர்த்திகன்


யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி
30.04.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மச்சாளும் பிள்ளைகளும் சுகமா? எங்கள் சுகத்தைப் பற்றி எழுதத்தான் ஆஸ்பத்திரி மரவாங்கில் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தப் பள்ளிக்கூடக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கடாவை வைத்திருக்க மாட்டேனோ என்று யோசித்தேன். வைத்திருப்பேன். ஆனால் உங்கள் பக்கத்தில் வைத்திருக்க மாட்டேன். படத்தை எரிக்க முடியாது, உங்கள் முகத்தை மட்டும் அழித்துவிடுகிறேன் என்று எழுதத் தொடங்கினேன். இருபதாம் திகதி அந்தக் கடிதம் மேசையில் பாதியில் கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம். குஞ்சையா சாப்பிட்டுவிட்டுக் கைகழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தார். மூன்று மோட்டார் சைக்கிள்கள் வாசல் படலையை இடித்துக்கொண்டு வளவுக்குள் வந்தன. ஐந்து பேர். முகத்தில் கறுப்புத் துணி, கையில் வாள். யன்னல்களை எல்லாம் அடித்து நொறுக்கினார்கள். ஒருவன் படத்தைக் கோபுர உச்சியில் இருந்து அடிவரைக்கும் கிழித்தான். பிறகு குறுக்கே கிழித்தான். நான் அவனைப் பிடித்துத் தள்ளினேன்.

இன்னொருவன் என் பின்னலைப் பிடித்து மேசைக்கு இழுத்துப் போனான். மற்றவன் என் வலது கையை மேசையில் விரித்து வைத்து, முழங்காலால் அழுத்தினான். படத்தைக் கிழித்த பிறகு என் கையில் என்ன அலுவல் என்று எனக்கு விளங்கவில்லை. படத்தைக் கிழித்தவன் என் தலைக்கு மேலே வாளைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நின்றான். என்னைத் தெரிந்தவன் போலத் தயங்கினான்.

அந்தக் கணத்தில் குஞ்சையா இரும்பு அலவாங்கோடு உள்ளே வந்தார். "எடேய், என்ரை பிள்ளையிலை கை வைக்கிறியளோ!" அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. உருவந்து ஆடும்போதுகூட இல்லை. அலவாங்கு என் கையை அழுத்தியிருந்தவனின் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. வாள் அவர் பக்கம் திரும்பியது. அவர் கையைக் குறுக்கே கொடுத்தார். மணிக்கட்டோடு வெட்டு விழுந்து கை தோலில் தொங்கியது, அண்ணை. அவர் அதைக் குனிந்தும் பார்க்கவில்லை. மற்றக் கையால் அலவாங்கைத் தூக்கினார். அடுத்த வெட்டு தோளில். அதற்கு அடுத்தது கழுத்தடியில். அப்போதுதான் விழுந்தார்.

முழங்கால் முறிந்தவனை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். நான் போய் அவன் முகத்துத் துணியை இழுத்தேன். நிருஷன். "அக்கா, தண்ணி" என்றான். கொடுத்தேன். ஒரு கையால் குஞ்சையாவின் கழுத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

கையைப் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு இடைக்கிடை நினைவு வருகிறது. உங்களைத்தான் கேட்கிறார். "தம்பிக்குச் சொல்லாதை, பயந்திடுவான்" என்கிறார்.

உடனே எழுதுங்கள். முடிந்தால் வாருங்கள்.

நிவேதனா


ரொறன்ரோ
26.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் ஏதோ இருக்கிறோம். உன் கடிதம் வந்த நாளில் இருந்து எனக்கும் காய்ச்சல், வேலைக்கும் போகவில்லை. பதில் பிந்தியதற்கு அதுதான் காரணம். குஞ்சையாவுக்கு எப்படி? சாப்பிடுகிறாரா? நல்ல வைத்தியரைப் பார்க்கச் சொல்லு, எது வேண்டுமென்றாலும் நான் இருக்கிறேன்.

உனக்குக் காயம் ஒன்றும் இல்லையே? கை சரியா?

பொலிஸ் என்ன சொல்கிறது? மற்ற நாலு பேரையும் பிடித்துவிட்டார்களா? நிருஷன் வாய் திறந்தானா? யாருடைய பெயரையாவது சொன்னானா? இப்படியான நேரத்தில் பெடியள் அடிக்குப் பயந்து வாயில் வந்த பெயரை எல்லாம் சொல்வார்கள். நீ எதையும் நம்பாதே. உன்னிடம் வாக்குமூலம் எடுத்தார்களா, என்ன கேட்டார்கள் என்று விபரமாக எழுது.

இப்போது வர எனக்கு லீவு இல்லை. குஞ்சையாவிடம் சொல், தம்பி கும்பிட்டுக்கொண்டு இருக்கிறான் என்று.

அண்ணை


வட்டுக்கோட்டை
08.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

குஞ்சையா முதலாம் திகதி விடியப்புறம் போய்விட்டார். தொலைபேசியில் மச்சாளிடம் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள் என்று தெரியும். மூச்சுச் சத்தம் கேட்டது. ஏன் வாங்கிக் கதைக்கவில்லை?

காயத்தில் இருந்து நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. கடைசி மூன்று நாட்களும் அவருக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இல்லாத கையால் எதையோ பிடிக்கப் பார்த்தார். கட்டிலில் துள்ளித் துள்ளி விழுந்ததால் தாதிமார் அவரைத் துணியால் கட்டிவைத்தார்கள். "கடாவை விடுங்கோடா, அது போகட்டும்" என்று கத்தினார். ஆயிரம் கடா வெட்டிய மனிதர். எனக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஆனாலும் நின்றேன்.

கொள்ளி வைக்க ஆள் இல்லை. பரிபாலன சபைக்காரர் ஒருவரும் வரவில்லை. கும்பாபிஷேகம் கிட்டுவதால் சாவீட்டுத் துடக்கு வேண்டாமாம். நானே சுடலைக்குப் போனேன். வந்திருந்த நாலைந்து ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு வழி விட்டார்கள். அஸ்தியைக் கீரிமலையில் கரைத்தேன். கடல் அன்று கொந்தளிப்பு, படியில் வழுக்கி விழுந்து உதடு வெடித்துவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

நான் அந்தப் படத்தை உங்கள் கோயில் ஆட்களிடம் கொடுத்திருக்கலாம். மார்ச் மாதமே கொடுத்திருக்கலாம். அதைத்தான் இரவு பகல் யோசிக்கிறேன்.

வழக்கு இப்போது கொலை வழக்கு.

நிவேதனா


ரொறன்ரோ
20.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அவர் எனக்கு அப்பாதான். உனக்கும் அப்படித்தான். இங்கு கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றினோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. தனிய இருக்காதே, யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்.

நடந்தது நடந்துவிட்டது. இனி வழக்கு என்று அலைந்து என்ன காணப்போகிறாய்? நிருஷனுக்குத் தகப்பன் இல்லை. ஏதோ ஆவேசத்தில் செய்துவிட்டான். அவனும் இனி வாழ்நாளுக்கு நொண்டி. முகம் மூடியிருந்தார்கள், யார் என்ன செய்தார்கள் என்று சரியாகத் தெரியவில்லை என்று நீ சொன்னால் போதும். குஞ்சையா உயிரோடு இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கும்பாபிஷேகத்தைத் தள்ளிப்போட முடியாது. நாள் குறித்தாயிற்று. குருக்கள்மார் இந்தியாவில் இருந்து வருகிறார்கள்.

அண்ணை


வட்டுக்கோட்டை
21.07.2024

அண்ணைக்கு,

நான் சாப்பிடுகிறேன். நித்திரையும் வருகிறது. கேட்டதற்கு நன்றி.

கும்பாபிஷேகம் முடிந்தது. ஹெலிகொப்டரில் இருந்து பூத் தூவினார்கள். பாதிப் பூ எங்கள் வளவுக்குள் விழுந்தது. முன் வரிசையில் உங்களுக்குப் போட்ட கதிரை வெறுமையாக இருந்ததாம்.

மறுநாள் காலையில் நிருஷனின் தாய் பாலேஸ்வரி வந்தா. வந்ததும் வராததுமாகப் படலைத் தூணில் தலையை மோதத் தொடங்கினா. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் நெற்றி வெடித்து இரத்தம் மூக்கால் வழிந்தது. "என்ரை பிள்ளையைக் காப்பாத்து மோனை. அவன் வெட்டேல்லை, பிடிச்சவன் மட்டுந்தான்" என்றா. என் கையைத்தான் பிடித்தவன் என்றேன். அவ என் காலில் விழுந்தா.

"அவனுக்கு உன்னோடை என்ன கோபம்? உன்ரை அண்ணை சொல்லித்தானே போனவன். கீர்த்தி அண்ணை சொன்னால் நான் கிணத்திலையும் குதிப்பன் எண்டு சொல்லுற பிள்ளை. இப்ப உவர் ஃபோனும் எடுக்கிறேல்லை. நீயாவது கேட்டுச் சொல்லு, என்ரை பிள்ளையை ஏன் கைவிட்டவர் எண்டு."

நான் அவவை அடித்துவிட்டேன், அண்ணை. பொய் சொல்லாதை என்று கத்திக்கொண்டு, இரத்தம் வழிகிற அந்த முகத்தில் அடித்தேன். அவ தடுக்கவில்லை. அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவ சொல்வது பொய்யில்லை என்று. பொய்யென்றால் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

உங்கள் வாயால் கேட்க வேண்டும். சொன்னீர்களா? ஓம் அல்லது இல்லை. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

நிவேதனா


வட்டுக்கோட்டை
14.09.2024

அண்ணைக்கு,

நீங்கள் எழுதவில்லை. நான் காத்திருந்தேன்.

ஓகஸ்ட் கடைசியில் பாலேஸ்வரியோடு சிறைக்குப் போய் நிருஷனைப் பார்த்தேன். ஊன்றுகோலில் வந்தான். மற்றக் கைதிகள் அடித்து முன்பற்கள் இரண்டும் போயிருந்தன. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

"படத்தைத் துண்டு துண்டா வெட்டுங்கோ எண்டவர். பிறகு, 'அவள் இனிக் கீறக்கூடாது' எண்டவர். எப்பிடி அண்ணை எண்டு கேட்டனான். 'உங்களுக்குச் சொல்லித் தரவேணுமோ' எண்டிட்டு வைச்சிட்டார்." கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குஞ்சையா அந்த நேரம் வீட்டிலை நிப்பார் எண்டு எங்களுக்குத் தெரியாது அக்கா. சத்தியமா" என்றான்.

அன்றைக்கு என் கையை ஏன் மேசையில் விரித்தார்கள் என்று அப்போது விளங்கியது. வெளியே வந்து வீதியோரத்தில் குந்திவிட்டேன். பாலேஸ்வரி என் முதுகைத் தடவிவிட்டா.

நேற்று நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். நிருஷன் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். முழுப்பெயர் கேட்டார்கள், உங்கள் முழுப்பெயரைச் சொன்னேன். "அவர் உமக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். கூடப்பிறந்த அண்ணை என்றேன். நிருஷன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினான்.

வீடு திரும்பும்போது சந்தியில் யாரோ கல்லால் எறிந்தார்கள். தோளில் பட்டது. "சொந்த அண்ணையைக் காட்டிக் குடுத்தவள்" என்று ஒரு பெண் குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களுக்குப் பிடியாணை வரும். கனடாவில் இருக்கும்வரை அது உங்களைத் தொடாது என்று சட்டத்தரணி சொல்கிறார். அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். நீங்கள் வராமலே இருக்கலாம். பெயர் மட்டும் அங்கே இருக்கட்டும்.

மச்சாளுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நிவேதனா


ரொறன்ரோ
28.11.2024

நிவேதனாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. அதனால் விசாரிக்கவில்லை.

ஓம்.

ஜூலையில் நீ கேட்ட அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. நிருஷன் சொன்னது சரி. வார்த்தை பிசகாமல் சரி. அப்படிச் சொன்னபோது அதற்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்தேன். அந்தக் கூட்டத்தில் இருநூறு சனம் சிரித்த சத்தம் காதில் இருந்தது. உன் கையை நினைத்துத்தான் சொன்னேன். நீ சின்னதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்த கை.

கோபிகாவிடம் சொன்னேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய்விட்டா. போகும்போது பெரியவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வருகிற மாதம் கடைசியில் வருகிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்தால் பிடிக்கட்டும். பிடிக்காவிட்டால் யாழ்ப்பாணம் வந்து நானே பொலிஸில் போய்ச் சொல்லுவேன். ஆனால், நிவே, தனியப் போகப் பயமாக இருக்கிறது. அடிப்பார்கள் என்றில்லை. வாசலில் நின்று திரும்பி வந்துவிடுவேனோ என்று பயம். கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நீ என்னோடு வருவாயா?

கீர்த்திகன்


வட்டுக்கோட்டை
08.12.2024

அண்ணைக்கு,

வருவேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். கட்டுநாயக்காவில் பிடித்தால் சட்டத்தரணியோடு அங்கே வருகிறேன். விட்டால் நேரே வீட்டுக்கு வாருங்கள். யன்னல்களுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை, மட்டைதான் கட்டியிருக்கிறேன். குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பொலிஸுக்கு வெளிக்கிடுவோம். பாலேஸ்வரியும் வரப்போகிறா. அவ உங்களை ஏசுவா, அடித்தாலும் அடிப்பா. தடுக்காதீர்கள்.

நான் வாசலோடு நிற்கமாட்டேன். உள்ளே வந்து பக்கத்தில் இருப்பேன். நீங்கள் சொல்வதை முதலில் இருந்து கடைசிவரை என் காதால் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அங்கே போய்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து தொடங்காதீர்கள். படத்தில் இருந்தும் தொடங்காதீர்கள். என்னில் இருந்தும் வேண்டாம்.

குஞ்சையாவின் பெயரில் இருந்து தொடங்குங்கள். ஏரம்பு. முதலில் அதைச் சொல்லுங்கள்.

நிவேதனா